நஷ்டஈடு கொடுக்கத் தெரிந்த நமக்குக் காவல்கூலி கொடுக்கத் தெரியாதா?

கொஞ்சம் நீண்ட பதிவு. வயல், வளவு, கிணறு என்று ஏதாவது ஒன்று உள்ளவர்கள் கடைசிவரை வாசியுங்கள். ஒன்றுமே இல்லாதவர்களும் தண்ணீர் குடிக்கிறீர்கள்தானே, நீங்களும் வாசியுங்கள்.

ஒலுவில் துறைமுகத்தைப் பற்றி நாம் பேசாத பேச்சில்லை. மர்ஹூம் அஷ்ரப் அவர்களின் கனவு என்றோம். 2008இல் டென்மார்க் கடனில் வேலை தொடங்கியபோது பட்டாசு கொளுத்தாத குறை. 2013 செப்டம்பரில் திறந்தார்கள். பிறகு கப்பல் வரவில்லை, மண்தான் வந்தது. நம் கரையோரத்தில் கடல் மணலைத் தெற்கிலிருந்து வடக்காகக் கொண்டுபோகும் என்பது கரைவலை இழுக்கிற எந்த மனிதருக்கும் தெரிந்த விசயம். அந்த ஓட்டத்துக்குக் குறுக்கே கல்லணை போட்டதும் மணல் ஒரு பக்கம் தங்கித் துறைமுக வாயை அடைத்தது. வடக்குப் பக்கம் மணல் கிடைக்காமல் கரை அரிந்துபோனது. தென்னந்தோட்டங்கள் கடலுக்குள் சரிந்தன. வாடிகள் போயின. உப்புத்தண்ணீர் வயலுக்குள்ளும் ஏறியது. வாயைத் தோண்டு, படகு போகவேண்டும் என்று மீனவர்கள் கேட்டார்கள். துறைமுகமே வேண்டாம், எங்கள் கரையைத் தாருங்கள் என்று கரையில் குடியிருந்தவர்கள் கேட்டார்கள். ஒரே ஊர், ஒரே பள்ளிவாசலில் ஸப்பில் நிற்கிற ஆட்கள், இரண்டு பக்கமாக நின்றார்கள். இரு பக்கத்திலும் நியாயம் இருந்ததுதான் கொடுமை.

இதெல்லாம் உங்களுக்குத் தெரிந்த கதை. இங்கே நாம் எடுக்க விரும்புவது அதில் ஒரு சின்னத் துண்டை மட்டும்தான். துறைமுகத்துக்குக் காணி கொடுத்தவர்கள் நஷ்டஈட்டுக்காக வருடக்கணக்கில் கோப்போடு அலைந்தார்கள். கரை அரிந்தபோது காணி இழந்தவர்களும் அலைந்தார்கள். அதாவது, காணி போன பிறகுதான் காணிக்காரனுக்குப் பணம் என்ற பேச்சே நம்மிடம் வருகிறது. காணி உயிரோடு இருந்து ஊருக்கு வேலை செய்துகொண்டிருக்கும் காலத்தில் அவனுக்கு யாரும் ஒரு சதம் கொடுப்பதில்லை. கொடுக்கவேண்டும் என்ற எண்ணமும் யாருக்கும் வருவதில்லை.

காணி என்ன வேலை செய்கிறது என்று கேட்பீர்கள். பாடசாலையில் பிள்ளைகளுக்குச் சொல்வதுபோலவே சொல்கிறோம். நிந்தவூரிலிருந்து பாலமுனை வரை நாம் குடியிருப்பது கடலுக்கும் வட்டைக்கும் நடுவே கிடக்கிற ஒரு மணல் வரப்பில். நம் கிணற்றுத் தண்ணீர் எங்கிருந்தோ ஓடி வருவதல்ல. மாரியில் பெய்த மழை மணலில் இறங்கி, அடியில் உள்ள உப்புத்தண்ணீருக்கு மேலே ஒரு நல்ல தண்ணீர்ப் படலமாக மிதக்கிறது. நல்ல தண்ணீர் உப்புத்தண்ணீரைவிடக் கொஞ்சம் பாரம் குறைந்தது, அதனால்தான் மிதக்கிறது. இதில் ஒரு கணக்கு இருக்கிறது: கடல் மட்டத்துக்கு மேலே நல்ல தண்ணீர் ஒரு அடி நின்றால், கீழே ஏறத்தாழ 40 அடிக்கு உப்பைத் தள்ளி வைத்திருக்கும். திருப்பிப் பாருங்கள். மேலே ஒரு அடி இறங்கினால் கீழேயிருந்து உப்பு 40 அடி ஏறப் பார்க்கும்.

2004 சுனாமிக்குப் பிறகு இதை நாம் கண்ணால் கண்டோம். நாட்டிலேயே அதிக உயிர்களைக் கொடுத்த மாவட்டம் நம்முடையது. உயிர் தப்பியவர்களுக்கும் குடிக்கக் கிணறு இல்லை. பவுசர் வரும் நேரம் பார்த்துக் கலனோடு நின்ற நாட்களை எந்த உம்மாவும் மறந்திருக்க மாட்டார். உப்பை இறைத்து வெளியேற்றலாம் என்று மோட்டர் வைத்து இறைத்தார்கள். அளவுக்கு மிஞ்சி இறைத்த இடங்களில் உப்பு இன்னும் மேலே வந்தது. கடைசியில் கிணறுகளைக் கழுவியது அடுத்தடுத்து வந்த மாரிதான்.

அந்த மாரி மழையை மண்ணுக்குள் இறங்கவைப்பது எது? நிரப்பப்படாத வயல். கொங்கிரீட் போடாத வளவு. கரையில் அடம்பன் கொடியும் தாழையும் பிடித்து வைத்திருக்கிற மணல் மேடு. களியோடை ஓரத்தில் ஒன்றுக்கும் உதவாது என்று நாம் சொல்கிற பள்ளக்காணிகள். மேலே சேனாநாயக்க சமுத்திரம் நிரம்பி வான் பாய்ந்தாலும், இங்கே விடாமல் மூன்று நாள் மழை பெய்தாலும், அந்தத் தண்ணீர் முகத்துவாரத்தால் கடலுக்குப் போகும்வரை காத்திருக்க ஓர் இடம் வேண்டும். அந்த இடம்தான் வட்டை. 2024 நவம்பரில் மாவடிப்பள்ளியில் உழவு இயந்திரத்தோடு வெள்ளம் இழுத்துப்போன மத்ரஸாப் பிள்ளைகளை நினைத்தால் இன்றைக்கும் நெஞ்சு அடைக்கிறது. அந்த வெள்ளத்துக்கு ஒரே ஒரு காரணம் சொல்ல நாம் வரவில்லை. ஆனால் தண்ணீர் தங்குகிற இடத்தை வருடா வருடம் குறைத்துக்கொண்டே போனால், அது றோட்டில்தான் தங்கும் என்பதற்குப் பொறியியலாளர் தேவையில்லை.

மேலே காட்டுக்குக் காவல் இருக்கிறது. சமுத்திரத்தின் நீரேந்து பகுதியைப் பாதுகாக்கத்தான் 1954இல் கல்லோயா தேசியப் பூங்காவை அமைத்தார்கள். கீழே, தண்ணீர் நம் வீட்டு வாசலுக்கு வருகிற இந்தக் கடைசித் துண்டுக்குக் காவல் யார்? காணிக்காரன் ஒருவன்தான். அவனுக்கு அந்தப் பதவி தெரியாது, சம்பளமும் கிடையாது.

இனி அந்தக் காணிக்காரனைப் பார்ப்போம். வயல் நிரப்புகிறவனைத் திட்டிப் பதிவு போடுவது சுலபம். டிப்பர் வண்டியையும் கிறவல் குவியலையும் படம் எடுத்துப் போட்டால் நூறு பேர் கோபப்படுவார்கள். ஆனால் நாம் கண்ட காணிக்காரர்களில் பெரும்பாலானவர்கள் பேராசைக்காரர்கள் இல்லை. பெண் பிள்ளைகளைப் பெற்ற வாப்பாமார். நம் கரையோரத்தில் மகளுக்கு வீடு கட்டிக் கொடுக்காமல் கலியாணம் நடக்கிறதா? அந்த வழக்கம் சரியா பிழையா என்பது இன்னொரு நாள் பேசவேண்டிய பெரிய சண்டை. இருக்கிறது என்பது உண்மை. மூன்று மகள் என்றால் மூன்று வீடு. வளவோ ஒன்று, அதுவும் உம்மாவுக்குச் சீதனமாக வந்து ஏற்கனவே பங்கு பிரிந்தது. மிச்சம் இருப்பது வயல். ஒரு காக்கா நம்மிடம் சொன்னார்: "சேர், வயல் எனக்குச் சோறு போடுது. ஆனா மகளுக்கு மாப்பிள்ளை எடுத்துத் தராது."

இவருக்குப் போய்ச் சட்டம் சொல்லலாம். 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டம் இருக்கிறது. எழுத்து மூலம் அனுமதி பெறாமல் நெற்காணியை நிரப்பமுடியாது. நல்ல சட்டம். ஆனாலும் கல்முனையிலிருந்து தெற்கே பிரதான வீதியில் வாகனம் ஓட்டிப் பாருங்கள். இரண்டு பக்கமும் வயலாக இருந்த இடங்களில் இன்று என்ன இருக்கிறது? லீவு நாளில், இரவில், தேர்தல் நேரத்தில் மண் விழுகிறது. ஒரு முறை விழுந்த மண்ணைத் திரும்ப அள்ளியதை நாம் எத்தனை தரம் கண்டிருக்கிறோம்? சட்டம் அவருக்கு "செய்யாதே" என்று மட்டும்தான் சொல்கிறது. செய்யாமல் விட்டால் அவர் மகளுக்கு என்ன வழி என்று அது சொல்வதில்லை, சொல்லவும் முடியாது.

ஆகவே நம் கருத்து இதுதான். ஊர் முழுவதும் குடிக்கிற தண்ணீரை ஒருவருடைய காணி காத்து நிற்கிறதென்றால், அந்தக் காவலுக்கு ஊர் கூலி கொடுக்கவேண்டும். காணி போன பிறகு கொடுக்கிற நஷ்டஈட்டைச் சொல்லவில்லை. காணி இருக்கும்போதே, வருடா வருடம், எழுத்தில் போட்ட உடன்படிக்கைப்படி கொடுப்பதைச் சொல்கிறோம்.

புதினமாக இருக்கிறதா? நம் வயல்களில் இது பழைய வழக்கம். வாய்க்காலைப் பார்த்து, தண்ணீரைப் பங்கிட்டு, மாடு இறங்காமல் காக்கிற வட்டவிதானைக்கு ஏக்கருக்கு இவ்வளவு நெல் என்று வெட்டுக் காலத்தில் நாம் கொடுத்து வந்தவர்கள்தானே. தண்ணீரைக் காக்கிறவனுக்குத் தண்ணீரால் பயன் பெறுகிறவன் கொடுக்கவேண்டும் என்ற நியாயம் நம் போடிமாருக்கு எந்த வெளிநாட்டு நிறுவனமும் வந்து படிப்பித்ததல்ல.

இன்னும் பின்னால் போனால் மதீனாவில் ரூமா கிணறு. முஹாஜிரீன்கள் வந்து சேர்ந்தபோது நல்ல தண்ணீர்க் கிணறு ஒரு தனி மனிதரின் சொத்தாக இருந்தது, அவர் தண்ணீரை விற்றார். அதைப் பொதுவாக்குபவருக்கு நபி (ஸல்) அவர்கள் சுவர்க்கத்தைக் கொண்டு நன்மாராயம் சொன்னார்கள். உஸ்மான் (ரழி) அவர்கள் விலை கொடுத்து வாங்கினார்கள். முதலில் பாதி உரிமையை வாங்கி, ஒரு நாள் அவருக்கு ஒரு நாள் இவருக்கு என்று இருந்து, பிறகுதான் முழுவதையும் வாங்கினார்கள் என்று ஓர் அறிவிப்பு உண்டு. இந்தக் கதையை ஜும்ஆவில் எத்தனையோ தரம் கேட்டிருக்கிறோம், உஸ்மான் (ரழி) அவர்களின் கொடைக்கு உதாரணமாக. அதில் இன்னொரு பக்கமும் உண்டு. பொதுத் தேவை என்று சொல்லி உரிமையாளரிடமிருந்து யாரும் பறிக்கவில்லை. அவருக்கு விலை கொடுபட்டது. கிணற்றைச் சுற்றிக் கொஞ்ச நிலத்தை ஹரீம் என்று ஒதுக்கி, அதில் மற்றவர் கைவைக்கக் கூடாது என்று பிக்ஹு நூல்கள் சொல்வதும் இதோடு சேர்த்து யோசிக்கவேண்டிய விசயம். கிணறு என்பது வெறும் குழி அல்ல, அதைச் சுற்றியுள்ள நிலமும் சேர்ந்ததுதான் என்ற அறிவு அதில் இருக்கிறது.

இன்றைய உலகத்திலும் உதாரணம் நிறைய. நியூயோர்க் நகரம் பல நூறு கோடி டொலரில் வடிகட்டும் ஆலை கட்டுவதற்குப் பதிலாக, 1997இல் உடன்படிக்கை செய்து, மலைப்பக்கத்து விவசாயிகளுக்கும் ஊர்களுக்கும் பணம் செலவழித்துத் தண்ணீரைக் காத்தது. பிரான்சில் விட்டெல் என்ற போத்தல் தண்ணீர்க் கம்பனி தன் ஊற்றில் நைட்ரேற் ஏறுவதைக் கண்டு, சுற்றியுள்ள பண்ணைக்காரர்களோடு பல வருடம் உட்கார்ந்து பேசியது. உரப் பாவனையை விட்டால் வருமான நட்டத்தைத் தாங்குகிறோம் என்று 18 வருடம், 30 வருடம் என்று நீண்ட உடன்படிக்கை எழுதியது. அது தர்மத்துக்குச் செய்ததல்ல, வியாபாரக் கணக்கு. கம்பனிக்கே கட்டுப்படியாகிற கணக்கு ஊருக்குக் கட்டுப்படியாகாதா?

ஆனால் நமக்குப் பொருந்துவது இந்தியாவின் இமாச்சலப் பிரதேசத்தில் உள்ள பாலம்பூர் என்கிற சின்ன நகரம்தான். அந்த நகரத்துக்குத் தண்ணீர் தருகிற போஹல் ஊற்று மேலேயுள்ள கிராமத்துக் காட்டில் இருக்கிறது. காட்டை வெட்டாமல், மேய்ச்சலைக் கட்டுப்படுத்திக் காப்பதற்குக் கிராமத்தாருக்கு வருடம் 10,000 இந்திய ரூபாய் என்று 2010இல் நகரசபை உடன்படிக்கை செய்தது. தொகை அற்பம். ஆனால் கீழே குடிக்கிறவன் மேலே காக்கிறவனுக்குக் கடன்பட்டவன் என்று ஒரு நகரசபை கையெழுத்துப் போட்டது அற்பமல்ல. நம் கல்முனை மாநகரசபையோ பிரதேச சபைகளோ அப்படி ஒரு தாளில் கையெழுத்திட்டதாக நாம் அறியோம்.

பொலிவியாவில் இன்னொரு விதம். லொஸ் நெக்ரோஸ் என்ற பள்ளத்தாக்கில் மலைக்காட்டை வெட்டாமல் விட்டவர்களுக்குப் பணம் கொடுக்கவில்லை. பத்து ஹெக்டெயருக்கு ஒரு தேன் பெட்டி என்று கொடுத்தார்கள், தேனீ வளர்க்கவும் பழக்கினார்கள். காசு கையில் வந்தால் செலவாகிவிடும், பெட்டி நின்று பலன் தரும் என்று அந்த மக்களே கேட்டார்களாம். இதை வாசித்தபோது நமக்கு அந்தக் காக்காதான் ஞாபகத்துக்கு வந்தார். அவருக்குத் தேவை தேன் பெட்டி இல்லை. மகளின் வீட்டுக்குக் கல்லும் சீமெந்தும், அல்லது ஏற்கனவே மேடாக உள்ள ஓர் இடத்தில் பத்து பேர்ச்சஸ். வயலை நிரப்பமாட்டேன் என்று பதினைந்து வருடத்துக்கு எழுதிக்கொடுக்கிறவரின் பிள்ளைக்கு வீடமைப்பு உதவியில் முன்னுரிமை என்று வைத்தால் என்ன? ஸகாத் நிதியைத் தொடத் தேவையில்லை, அது அதற்குரியவர்களுக்கு. வெளிநாட்டிலிருந்து வருகிற வீட்டுத் திட்டங்களுக்கு நாம் பெயர்ப் பட்டியல் போடுகிறோமே, அதில் இதையும் ஒரு தகுதியாகச் சேர்க்கலாம்.

காசாகக் கொடுப்பதற்கும் வழி இல்லாமல் இல்லை. 2024 பெரும்போகத்துக்கு அரசாங்கம் உர மானியத்தை ஹெக்டெயருக்கு 25,000 ரூபாயாக உயர்த்தி விவசாயியின் வங்கிக் கணக்குக்கே போட்டது. ஆகவே யாருக்கு எத்தனை ஏக்கர், கணக்கு இலக்கம் என்ன என்ற விபரமெல்லாம் கமநல சேவை நிலையத்தில் ஏற்கனவே உண்டு. உரம் போடுவதற்குக் கொடுக்கமுடியுமென்றால், தண்ணீரைக் காப்பதற்கும் அதே கணக்குக்கு அனுப்பமுடியும். ஓர் உதாரணக் கணக்கு: குழாய்த் தண்ணீர் பில்லோடு வீட்டுக்கு மாதம் 20 ரூபாய் என்று வைப்போம். 10,000 இணைப்புகள் என்றால் மாதம் இரண்டு இலட்சம், வருடம் 24 இலட்சம். ஹெக்டெயருக்கு 25,000 வீதம் 96 ஹெக்டெயரைக் காக்கலாம், ஏறத்தாழ 237 ஏக்கர். களியோடையின் இரு பக்கமும் முக்கியமான பள்ளக்காணிகளில் தொடங்குவதற்கு இது போதும்.

இதில் ஏமாற்றம் இருக்கக்கூடாது என்பதால் மறுபக்கக் கணக்கையும் சொல்லிவிடுகிறோம். ஹெக்டெயருக்கு 25,000 என்றால் ஏக்கருக்குப் பத்தாயிரம். ஏக்கருக்கு 160 பேர்ச்சஸ். ஆக, ஒரு பேர்ச்சுக்கு வருடம் 62 ரூபாய் 50 சதம், ஒரு பிளேன்டீ காசு. பிரதான வீதியோரத்தில் நிரப்பிய பேர்ச் இலட்சக்கணக்கில் போகும்போது பிளேன்டீ காசுக்கு யார் கேட்பார்? யாரும் கேட்கமாட்டார்கள். சாய்ந்தமருதிலும் கல்முனையிலும் றோட்டோர வயலுக்கு இந்தத் திட்டம் காலம் கடந்துவிட்டது, அங்கே சட்டமும் வடிகானும் தோணா துப்புரவும்தான் பேச்சு. ஆனால் அட்டப்பளத்திலிருந்து ஒலுவில், பாலமுனைப் பக்கம் உள்ளே கிடக்கிற வயல்களுக்கு இன்னும் அந்த விலை வரவில்லை. நெல்லால் வருகிற வருமானத்தோடு இந்தக் கூலியும் சேர்ந்தால் "இப்போதைக்கு இருக்கட்டும்" என்று சொல்லக்கூடியவர்கள் அங்கே இருக்கிறார்கள். இன்னும் பத்து வருடம் போனால் அங்கேயும் இருக்கமாட்டார்கள்.

எதிர்க் கேள்விகள் வரும், வரவேண்டும். சட்டத்துக்குக் கீழ்ப்படிவதற்குக் கூலியா என்று ஒரு தம்பி கேட்டார். நிரப்பாமல் விடுவது சட்டம் கேட்பது. நாம் கேட்பது அதைவிடக் கூட: வாய்க்கால் ஓரத்தில் ஒரு வரிசை நிலத்தில் களைநாசினி அடிக்காமல் விடு, வெள்ளம் வந்தால் வரம்பை உயர்த்தி அடுத்தவன் பக்கம் தள்ளாதே, கரையோர மணலை விற்காதே, ஆற்றுவாழை அடைத்தால் அள்ளு. இந்த மேலதிக வேலைக்குத்தான் கூலி.

போடியாருக்குக் காசு, குத்தகைக்குச் செய்கிறவனுக்குப் பட்டை நாமமா என்று கேட்டால், அந்தப் பயம் சரியானதுதான். உர மானியத்திலேயே அந்தச் சண்டையைப் பார்த்தோம். உடன்படிக்கையில் இரண்டு கையெழுத்து இருக்கவேண்டும். வேலை செய்கிறவனின் பங்கு அவனுடைய கணக்குக்கே போகவேண்டும். அப்படி எழுதாத திட்டம் வந்தால் முதலில் எதிர்ப்பது நாமாகத்தான் இருப்போம்.

நம் ஆட்கள் ஒற்றுமைப்படமாட்டார்கள் என்ற பேச்சை மட்டும் நாம் ஏற்றுக்கொள்வதாக இல்லை. 1981இல் சமுத்திரத்தில் தண்ணீர் வற்றிக் கிடந்த ஒரு போகத்தில், கல்லோயா இடதுகரையில் விவசாயிகள் குழுக்களாகச் சேர்ந்து, வாய்க்காலைத் தாங்களே வெட்டித் துப்புரவாக்கி, முறை வைத்துத் தண்ணீரை மிச்சம் பிடித்துக் கீழே இருந்தவர்களுக்கு விட்டார்கள். மேலே சிங்கள விவசாயிகள், கீழே தமிழ் பேசுகிறவர்கள். உலகத்தில் நீர் முகாமைத்துவம் படிக்கிறவர்களுக்கு அந்தக் கதை பாடமாக இருக்கிறது. நம் பிள்ளைகளுக்குத்தான் தெரியாது.

அடுத்த பெரும்போகத்துக்கான ஆரம்பக் கூட்டம் வரும். தண்ணீர் திறக்கும் திகதி, விதைப்புத் திகதி, மாடு அகற்றும் திகதி என்று வழமையான நிகழ்ச்சி நிரல். விவசாய அமைப்புகளில் பதவியில் உள்ள சகோதரர்களிடம் ஒன்று கேட்கிறோம்: களியோடை ஓரத்துப் பள்ளக்காணிகள் எவை, எத்தனை ஏக்கர், உரிமையாளர் யார், செய்கிறவர் யார், இந்த நிபந்தனைக்கு எவ்வளவு கூலி என்றால் சம்மதிப்பார் என்று ஒரு பட்டியலை அந்தக் கூட்டத்துக்கு முன் எடுங்கள். எழுத்து வேலைக்கு ஆள் வேண்டுமென்றால் ஆசிரியர்கள் நாங்கள் லீவு நாட்களில் வருகிறோம், உயர்தரப் பிள்ளைகள் சிலரையும் கூட்டிக்கொண்டு. பட்டியல் கையில் இருந்தால் பிரதேச செயலாளரிடமும் நீர் வழங்கல் சபையிடமும் போய்ப் பேசலாம். நிந்தவூர்ப் பக்கத்து விபரம் தெரிந்தவர்கள் இந்த வாரத்துக்குள் சொல்லுங்கள்.